நட்டத்தையும் பங்கு போடும் கூடை: டர்பன் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 17, செவ்வாய். மவுன்ட் எட்ஜ்கோம்

புரட்டாசி முதல் நாளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் வந்து இறங்கினேன். தங்கை வீட்டுக் கொல்லைப்புறத்தில் வெண்கல விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். பிரிட்ஜில் முட்டை கூட இல்லை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மட்டும்தான் விரதம். இங்கே பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாவற்றிலும் மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது. "இங்க இருக்கற தமிழ் ஆளுங்க புரட்டாசியை விடவே மாட்டாங்கக்கா. தமிழ் பேசத் தெரியாத வீட்லகூட" என்றாள் தங்கை.

மாடிக் கைப்பிடிச் சுவரில் கறுப்புக் கறுப்பாகச் சாம்பல் இழைகள் படிந்திருந்தன. வடக்கே கரும்பு அறுவடை நடக்கிறது. வெட்டுவதற்கு முன் தோகைக்குத் தீ வைப்பதால் அந்தச் சாம்பல் காற்றில் இங்கே வரை வருகிறது. துணியை உள்ளேதான் காயப்போட வேண்டும்.

மதியச் சாப்பாடு கடையிலிருந்து வந்தது. கால் ரொட்டியைக் குடைந்து அதற்குள் காரமான பீன்ஸ் கறி ஊற்றிய பண்ணி சௌ, 45 ராண்ட். ஒரு ராண்ட் நம் காசில் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. குடைந்தெடுத்த ரொட்டியாலேயே கறியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். காரம் ஆந்திராவுக்குக் குறையாது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் நானும் சில தோழிகளும் சேர்ந்து, சுற்றுவட்டாரத்தில் ரசாயனம் போடாமல் பயிர் செய்கிறவர்களிடமிருந்து வாரக் காய்கறிக் கூடை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிறோம். நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு இயற்கை விவசாயத்துக்கு மாறிய குடும்பங்கள் அவை. தக்காளி சந்தையில் கிலோ பத்து ரூபாய்க்கு விழுந்தால் அந்த வாரம் பாதி வீடுகள் "இந்த வாரம் வேண்டாம்" என்கின்றன. நூறைத் தொட்டால் எல்லாரும் திரும்பி வருகிறார்கள். பயிர் வைத்தவரோ இரண்டு வாரமும் அதே பாடுதான் படுகிறார். டர்பனுக்கு வடக்கே வெருலம் என்ற ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் பருவத் தொடக்கத்திலேயே பணம் வாங்கிக்கொண்டு கூடை கொடுக்கிறது என்று தங்கை சொன்ன நாளிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

செப்டம்பர் 18, புதன். வார்விக்

விடியற்காலை நாலரைக்கே மாப்பிள்ளை வண்டியில் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். வார்விக் சந்திப்பில் ரயில், பஸ், மினி பஸ் டாக்சி எல்லாம் வந்து சேருகின்றன. தினமும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்து போகிற இடம். அந்த நேரத்திலேயே மேம்பாலத்துக்குக் கீழே அம்மாக்கள் மாட்டுத் தலை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குள் கைவண்டி இழுக்கும் பையன்கள் சீட்டியடித்தபடி வழி கேட்டுப் போகிறார்கள். ஒருவர் கூட இடிக்கவில்லை.

இந்தச் சந்தைக்கு நம் ஆட்களின் வரலாறு அடிக்கல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இங்கே வந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, கூலிகளாக வந்திறங்கினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பாமல், ஆற்றோரத்திலும் மேட்டிலும் கிடந்த துண்டு நிலங்களை வாடகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள். டர்பன் நகரத்துக்குக் காய்கறி போட்டவர்கள் அவர்கள்தான். தெருவில் உட்கார்ந்து விற்றவர்கள் பிறகு 1934-இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால் இதை இடித்துவிட்டு மால் கட்ட 2009-இல் முயற்சி நடந்தது. வியாபாரிகள் கறுப்பர், இந்தியர் என்ற பிரிவு பாராமல் சேர்ந்து நின்றார்கள். தெருவிலும் கோர்ட்டிலும் போராடினார்கள். சந்தை தப்பியது.

விலை கேட்டுக்கொண்டே நடந்தேன். போன வாரம் எட்டு ராண்டாக இருந்த கொத்தமல்லிக் கட்டு இன்று பதினைந்து. கத்தரிக்காய் கிலோ 40. டபுள் பீன்ஸ் சின்னப் பொட்டலம் 60. "புரட்டாசிம்மா, எல்லாம் ஏறிடும்" என்றார் ஒரு கடைக்கார அம்மா. அவருக்கு அதற்கு மேல் தமிழ் வரவில்லை, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார். கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து அவர்களுடைய மேசையாம் அது. ஏறிய விலையில் விளைவித்தவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். கையை விரித்தார். நடுவில் ரெண்டு மூணு கை மாறி வருகிற சரக்கு அது. தக்காளி பெரும்பாலும் வடக்கே லிம்போபோ மாகாணத்துப் பெரும் பண்ணைகளிலிருந்து ராத்திரி முழுக்க லாரியில் வருகிறது. முப்பது கிலோமீட்டர் தள்ளி விளைகிற தக்காளிக்கு அதனோடு போட்டி போட முடியவில்லை.

மறக்காமல் எழுத வேண்டிய ஒன்று: காசு கொடுத்தபோது அந்த அம்மாவின் உதவியாளரான ஜூலுப் பெண் வலது கையை நீட்டி, இடது கையால் அந்த மணிக்கட்டைத் தாங்கி வாங்கினாள். மீதிச் சில்லறையையும் அப்படியே கொடுத்தாள். பெரியவர்களிடம் ஒற்றைக் கையால் வாங்கக் கூடாது என்று என் அப்பத்தா அதட்டுவாள். இங்கே அதை ஐந்து ராண்டுக்கும் செய்கிறார்கள்.

செப்டம்பர் 19, வியாழன். வெருலம்

மினி பஸ் டாக்சியில் போனேன். பின் இருக்கையிலிருந்து காசை முன்னால் கொடுத்தனுப்புகிறார்கள். வரிசை வரிசையாகக் கை மாறி முன் இருக்கைக்காரரிடம் போகிறது, அவர் எண்ணி ஓட்டுநரிடம் கொடுத்து மீதியைத் திரும்ப அனுப்புகிறார். ஒரு ராண்ட் குறையாமல் எனக்கு வந்து சேர்ந்தது. முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர் கைபட்ட காசு.

பண்ணை வெருலம் ஊரைத் தாண்டி, கரும்புக் காடுகளுக்கு நடுவே இரண்டு ஹெக்டேர். அறுபதைத் தாண்டிய அண்ணன் ஒருவரும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். அண்ணனுக்குத் தமிழ் பேச்சுக்கு வரும், படிக்க வராது. "வாங்க தங்கச்சி, முதல்ல டீ" என்று திண்ணையில் உட்கார வைத்தார். தேங்காய்ப்பூ வைத்த சமோசா வந்தது. பிறகு தோட்டம்.

இங்கே இது குளிர்கால முடிவு. டர்பன் கடற்கரைப் பக்கம் குளிர்காலம்தான் காய்கறிக் காலம், கோடையில் மழையும் பூச்சியும் படுத்திவிடும். முட்டைக்கோஸ், பீட்ரூட், வெந்தயக் கீரை, கொத்தமல்லி, பட்டாணி, சின்னக் கத்தரி. வேலி முழுக்கத் துவரை. ஒரு மூலையில் முருங்கையும் கருவேப்பிலையும். கரும்புத் தோகையைக் கொண்டுவந்து பாத்திகளுக்கு மேல் கனமாக மூடாக்குப் போட்டிருக்கிறார். எரிக்காமல் பச்சையாக அறுக்கும் ஒரு தோட்டக்காரரிடம் அதைச் சொல்லிவைத்து வாங்குகிறாராம். மூடாக்கை விலக்கிக் கைவிட்டால் மண் ஈரமாக, பொலபொலவென்று மண்புழுவோடு வந்தது. நான் பஞ்சகவ்யம் செய்முறை சொன்னேன். அவர் பூண்டு, மிளகாய், சோப்புக் கரைசல் தெளிக்கும் அளவைச் சொன்னார்.

அவருக்குப் பெரிய தலைவலி பக்கத்துக் கரும்புதான். அறுவடைக்கு முன் சர்க்கரை ஏற ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. காற்று திரும்பினால் அது இவர் கீரையில் விழும். எல்லையோரம் பத்து மீட்டர் விட்டு, யானைப்புல்லும் துவரையும் நெருக்கமாக வைத்திருக்கிறார். அந்தப் பத்து மீட்டரில் விளைவதைக் கூடையில் போடுவதில்லை. இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

சான்றிதழ் பற்றிக் கேட்டேன். ஏற்றுமதிக்குத் தருகிற மாதிரியான சான்றிதழுக்குக் கட்டணம் கட்ட அவரால் முடியாது. அதற்குப் பதிலாக விளைவிப்பவர்களும் சாப்பிடுபவர்களும் ஒருவரை ஒருவர் போய்ப் பார்த்து உறுதி சொல்லும் முறை. நம்மூரில் பி.ஜி.எஸ். என்று நடக்கிறதே, அதேதான். இனாண்டாவில் சேப்பங்கிழங்கு விளைவிக்கும் ஜூலு அம்மா ஒருவர் அன்று இவர் பண்ணையைச் சோதிக்க வந்திருந்தார். சிரித்த முகம், ஆனால் விடவில்லை. கொட்டகைப் பூட்டைத் திறக்கச் சொன்னார். பழைய தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். கோழி எரு எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, அந்தக் கோழிக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று கேட்டு, அண்ணன் தடுமாறியதும் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் இவர் அந்த அம்மாவின் நிலத்துக்குப் போய் இதே வேலையைச் செய்ய வேண்டும். காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் அதிகாரியைவிட, மண்ணில் கை வைத்தவளின் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம்.

கூடைக் கணக்கு இது. பதின்மூன்று வாரம் ஒரு பருவம். வாரம் 250 ராண்ட், மொத்தம் 3,250. பருவம் தொடங்கும் முன் கட்ட வேண்டும். முடியாதவர்கள் மாதாமாதம் கட்டலாம், அதுவும் முடியாத நாலு வீடுகள் பாதியை வேலையாகத் தருகின்றன. யார் எப்படிக் கட்டுகிறார்கள் என்பது அண்ணியின் நோட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. மொத்தம் 42 வீடு. விதை, கூலி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் அந்த முன்பணத்தில். வங்கிக்கோ வட்டிக்காரரிடமோ போக வேண்டியதில்லை. விளைந்தால் 42 பங்கு, விளையாவிட்டாலும் 42 பங்கு.

இந்த முறை புதிதல்ல. ஜப்பானில் 1970-களில் தாய்மார்கள் விவசாயிகளோடு நேரடியாகப் பேசி 'தெய்கெய்' என்று தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1986-இல் இரண்டு பண்ணைகள். பிரான்சில் 2001-இல். இதே தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் புறநகர்க் குடியிருப்புகளில் சின்னத் தோட்டம் போடும் பெண்களின் காய்கறியை 2008-லிருந்து 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஹோப்' பெட்டிகளில் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் ஏலச்சீட்டு ஓடுவது எந்த நம்பிக்கையில் ஓடுகிறதோ, இதுவும் அதில்தான் ஓடுகிறது. முகம் தெரிந்தவர்கள், முன்கூட்டிப் பணம், எல்லோருக்கும் தெரிந்த விதி.

செப்டம்பர் 20, வெள்ளி. அதே பண்ணை

கூடை கட்டும் நாள். காலையிலிருந்தே காற்று மாறிவிட்டது. தெற்கிலிருந்து ஊசிக் குளிர், பிறகு மழை. தங்கையின் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெந்தயக் கீரை கட்டினேன். விரல் மடங்கவில்லை. மதியம் நிழல்வலை ஒரு பக்கம் கிழிந்து, அடியில் இருந்த தக்காளி நாற்று முழுக்க மண்ணில் சாய்ந்தது. அண்ணன் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீரைப் பாத்திக்கே திரும்பி வந்துவிட்டார்.

மூன்று மணி வாக்கில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. கத்தரியும் கொத்தமல்லியும் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வதாக, கையில் ரொக்கத்தோடு ஒரு வியாபாரி. நாளை முதல் புரட்டாசிச் சனி. அவர் சொன்ன விலை கூடைக் கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நான் அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்று போன நாள், காசு வாசலில் நிற்கிறது.

அண்ணன் சொன்னார்: "42 பெட்டி முதல்ல. அதுக்கு அப்புறம் நிக்கறது உங்களுக்கு." நின்றது கொத்தமல்லி முப்பது கட்டு மட்டும். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். எனக்கு இந்தப் பயணத்தில் மிக முக்கியமான காட்சி இதுதான். சாப்பிடுபவர்கள் விலை விழும்போது விலகக் கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோம். விலை ஏறும்போது விளைவிப்பவரும் விலகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம்.

இரவு இன்னொரு செய்தி. உருளை, கேரட், பூண்டு மூன்றும் இவர்களுக்கு மேட்டுநிலத்தில், மூயி ரிவர் பக்கம் உள்ள கூட்டாளிப் பண்ணையிலிருந்து வரும். அங்கே பனி கொட்டுகிறதாம். செப்டம்பர் கடைசியில்! வண்டி கிளம்பவில்லை.

செப்டம்பர் 21, சனி. முதல் புரட்டாசிச் சனிக்கிழமை

காலையில் தொலைக்காட்சியில் வான் ரீனன் கணவாயைக் காட்டினார்கள். டர்பனையும் ஜோஹன்னஸ்பர்கையும் இணைக்கும் என்-3 நெடுஞ்சாலை மூடிக்கிடக்கிறது. லாரிகளும் கார்களும் இரவெல்லாம் பனியில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. குளிரில் உயிர் போன செய்தியும் வந்தது. நான் இன்று அந்த மேட்டுப் பண்ணைக்குப் போவதாக இருந்தேன். போக வழியில்லை.

பெட்டிகளை ஒரு கோவில் மண்டபத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். பூசைக்கு வருபவர்கள் அப்படியே எடுத்துப்போக வசதி. கோவிந்தா கோஷம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அண்ணி கையால் எழுதிய சீட்டு: 'உருளை, கேரட், பூண்டு இல்லை. மேலே பனி. தக்காளி நாற்று காற்றில் போனது, ஆகவே நவம்பரில் தக்காளி குறையும்.' வழக்கமாகப் பத்துப் பதினோரு வகை இருக்குமாம். இன்று ஏழு.

ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். இளைஞர், இந்தப் பருவத்தில்தான் சேர்ந்தவர். ஏழு காய்க்கு எதற்கு 250, மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணன் பதில் சொல்வதற்குள் வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர் தன் பெட்டியைத் திண்ணையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கத்தரி ஒரு கிலோ, சந்தையில் இன்று இவ்வளவு. கொத்தமல்லி இரண்டு கட்டு, வெந்தயக் கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், பட்டாணி, கருவேப்பிலை. கூட்டிக்கொண்டே வந்து, "ஏழுலயே நீ 250 வாங்கிட்டே தம்பி" என்றார். "போன மாசம் பன்னெண்டு வந்துச்சே, அப்ப அதிகமா கொடுத்தியா?"

இளைஞர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நவம்பரில் தக்காளி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த ஞாயிறு வந்து நாற்று நடுங்கள் என்றார் அண்ணி. வருகிறேன் என்றார். வருவாரா தெரியாது. ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனார்.

பிறகு பந்தி. வாழையிலையில் சோறு, பருப்பு, மசித்த கீரை, பரங்கிக்காய்க் கறி, ரசம், உளுந்து வடை, பாயசம். பரங்கிக்காயில் பட்டை தூக்கலாக இருந்தது, நம் ஊரில் அப்படிப் போட மாட்டோம், நன்றாகவே இருந்தது. எனக்குப் பரிமாறிய தாத்தா இலையை விட்டு நகரவே இல்லை. "தஞ்சாவூரா? எங்க ஆளுங்க வட ஆற்காடு" என்று சொல்லிச் சொல்லிச் சோறு போட்டார். ஊரின் பெயர் அவர் குடும்பத்தில் யாருக்கும் தெரியாதாம், கப்பல் பட்டியலில் மாவட்டம் மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாள் முழுக்க மழை. சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருந்தோம். வெர்வெட் குரங்கு இரண்டு உள்ளே புகுந்து நேற்றைய பெட்டியில் இருந்த பட்டாணியையும், பக்கத்தில் இருந்த வாழைப்பழச் சீப்பையும் கொண்டுபோய்விட்டன. ஒன்றின் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இரவு முட்டைக்கோஸ் பொரியல், ரசம்.

செப்டம்பர் 23, திங்கள். சாட்ஸ்வொர்த்

மழை விட்டது, குழாயில் தண்ணீரும் நின்றுவிட்டது. தெரு முழுக்க வாளியோடு தண்ணீர் லாரிக்கு நின்றோம். முன்னால் நின்ற பெண் கேட்காமலே என் வாளியையும் தள்ளித் தள்ளி முன்னே கொண்டுபோனாள்.

பிற்பகல் அண்ணனின் அம்மாவைப் பார்க்க சாட்ஸ்வொர்த் போனேன். எண்பத்தேழு வயது. எல்லோருக்கும் ஆயா. தமிழ் தெளிவாகப் பேசுகிறார். கையைப் பிடித்து உட்கார வைத்து, "சாப்ட்டியா கண்ணு" என்றுதான் தொடங்கினார்.

அவருடைய தாத்தா ஸ்பிரிங்ஃபீல்டில், உம்கேனி ஆற்றங்கரையில் தோட்டம் போட்டவர். 1917 அக்டோபரில் ஆறு பெருகி அந்தக் குடிசைகளையும் தோட்டங்களையும் அள்ளிக்கொண்டு போனது. பலர் செத்தார்கள். வலைபோட்டு மீன் பிடிக்கும் ஆறு பேர் படகை அந்த வெள்ளத்தில் விட்டு 176 பேரைக் கரைசேர்த்தார்கள். 'படவட்டான் சிக்ஸ்' என்று டர்பன் அவர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆயாவின் தாத்தா தப்பினார். தோட்டம் போனது. விதைக்கு வாங்கிய கடன் மட்டும் போகவில்லை.

அப்பா கேட்டோ மேனரில் மறுபடி தோட்டம் வைத்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துக்குவாரு. வண்டி கட்டி மார்க்கெட்டுக்குப் போவாரு. மிச்சத்தை எங்கம்மா கூடையில எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போவா. வெள்ளைக்கார அம்மாங்க நோட்டுல எழுதிக்குவாங்க, மாசக் கடைசியில காசு. சில பேரு கொடுப்பாங்க. சில பேரு வீடு மாத்திக்கிட்டுப் போயிடுவாங்க." 1950-இல் எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரிக்கும் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. அறுபதுகளில் அவர்களைக் கிளப்பி இந்த வரிசை வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். தோட்டத்துக்கு இடமில்லை. ஆனால் முன்வாசலில் ஆயா வைத்த கருவேப்பிலை மரம் இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது. தெருவே பறித்துக்கொள்கிறது.

மகன் இப்போது முன்பணம் வாங்கிக்கொண்டு கூடை கொடுப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நாங்க கடன் கொடுத்தோம் கண்ணு. சாப்பிடறவங்க அப்புறமா கொடுப்பாங்க. இப்ப அவங்க முன்னாடி கொடுக்கறாங்க. எங்கப்பாவுக்கு இது கெடைச்சிருந்தா அந்தத் தோட்டத்துல அவரு ஒரு நாளாச்சும் தூங்கியிருப்பாரு."

இதைவிடச் சரியாக யாரும் எனக்கு இந்த முறையை விளக்கியதில்லை. ரசாயனம் இல்லாத காய் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம், நானும்தான் மேடையில் பேசுகிறேன். வெள்ளமும் பனியும் காற்றும் வரும்போது கடன் யார் தலையில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தீர்க்காமல் ஒருவரிடம் உரம் போடாதே, மருந்து அடிக்காதே என்று சொல்வது அவரைத் தனியாக ஆற்றில் இறங்கச் சொல்வது. 2022 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் வந்த வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது அண்ணனின் கீழ்ப்பாத்திகள் முழுக்க மண்மூடிப் போயின. அந்தப் பருவத்தில் கூடையே வராத வாரங்களுக்கும் யாரும் பணம் திருப்பிக் கேட்கவில்லை என்று அண்ணி நேற்று போனில் சொன்னார். அதனால்தான் இன்று பண்ணை இருக்கிறது.

கிளம்பும்போது ஆயா ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் கொடுத்தார். மறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய். இனாண்டா

இங்கே இன்று பாரம்பரிய நாள் விடுமுறை. எல்லா வீட்டிலும் அடுப்பு வெளியே வந்து கறி சுடுகிற நாள். புரட்டாசி என்பதால் தங்கையின் தெருவில் சோளக்கதிரும் பனீரும் சுட்டார்கள்.

காலையில் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போய்வந்தோம். 1904-இல் காந்தி இங்கே சுமார் நூறு ஏக்கர் வாங்கி, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகத்தை நகரத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார். அச்சுக் கோக்கிறவர், எழுதுகிறவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் மாதம் மூன்று பவுண்ட், ஆளுக்கு மூன்று ஏக்கர், தங்கள் உணவைத் தாங்களே விளைவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1985 கலவரத்தில் வீடுகள் எரிந்தன. பிறகு திரும்பக் கட்டினார்கள். சுற்றிலும் நெருக்கமாக வீடுகள், விளைநிலம் என்று சொல்ல அதிகமில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பண்ணையைச் சோதிக்க வந்த அந்த அம்மாவின் நிலம். சரிவில் சேப்பங்கிழங்கு, பரங்கி, நடுநடுவே பீன்ஸ். அவித்த சேப்பங்கிழங்கை உப்போடு தந்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். வரும் பருவத்திலிருந்து வெருலம் கூடையில் அவருடைய கிழங்கும் இருக்கும், அதற்கும் முன்பணம் உண்டு என்று அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறாராம். ஆனால் கோழி எரு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அந்த அம்மா நினைவுபடுத்தினார். அதைப் போய்ச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அண்ணன் அந்தக் கோழிப் பண்ணைக்காரரிடம் பேசிவிட்டு, இனி மாட்டு எரு மட்டும் போடப்போவதாகச் சொன்னார். வண்டிக் கூலி கூடும், கூடைக்குப் பத்து ராண்ட் ஏறும். அதையும் சீட்டில் எழுதி எல்லோரிடமும் கேட்கப் போகிறார்களாம்.

செப்டம்பர் 25, புதன்

நாளை விமானம். அண்ணியின் நோட்டைப் பார்த்து, தஞ்சாவூர்க் குழுவுக்கு ஒரு வரைவு எழுதி இரவே அனுப்பிவிட்டேன். தை முதல் சித்திரை வரை ஒரு பருவம். முழுப்பணமும் முன்னால், அல்லது மூன்று தவணை, அல்லது பாதி வேலை. விலை பருவம் முழுக்க ஒன்றே. சந்தையில் விலை ஏறினாலும் விவசாயி வெளியே விற்கும் முன் கூடைகளை நிரப்ப வேண்டும். குறைந்த வாரத்தில் ஏன் குறைந்தது என்று சீட்டு வைக்க வேண்டும்.

முதல் பதில் மருத்துவக் கல்லூரிச் சாலை டீச்சரிடமிருந்து. ஐப்பசி, கார்த்திகை மழை நீண்டு, வயலில் தண்ணீர் நின்று, தையிலும் பாத்தி எடுக்க முடியாமல் போனால் எத்தனை வாரம் வரை வெறுங்கூடைக்குப் பணம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். நான்கு வாரம் என்று போட்டிருந்தேன். ஆறு என்று மாற்றலாம் என்கிறார் அவரே, நான்குக்கு மேல் யாரும் சேர மாட்டார்கள் என்கிறார் இன்னொருவர். தீபாவளிக்கு முன்னால் எல்லோரும் ஒரு வயலில் உட்கார்ந்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தேதி கேட்டு இப்போதுதான் செய்தி அனுப்பினேன்.